வேளைக்கு இரண்டு மூடி

ஜூன் 12, திங்கள்

உடம்பு என்ன செய்கிறது என்று தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்கு, இவையெல்லாம் முக்கியமாம். பட்டாசுக் கடைக்காரர் எப்போதோ கொடுத்த டைரி ஒன்று மைக் செட் சாமான்களோடு கிடந்தது. அச்சடித்த தேதியை அடித்துவிட்டு எழுதுகிறேன். என் எழுத்து பத்தாம் வகுப்போடு நின்றது. அதற்கப்புறம் எழுதியதெல்லாம் திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளின் சட்டைக் கலர்தான்.

கழுத்தில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. நிணநீரில் வரும் புற்றுநோயாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை மருந்து ஏற்றினால் குணமாக நல்ல வாய்ப்பு இருக்கிறது, பாதியில் விட்டால் சொல்ல முடியாது என்றார். கோவில்பட்டியிலிருந்து காலையில் பஸ் ஏறி மதுரை போனோம், நானும் மகள் கோமதியும். சாய்நாற்காலியில் படுக்கப்போட்டுப் பாட்டில் பாட்டிலாக இறக்கினார்கள். அதில் ஒன்று செக்கச்செவேல் என்று இருந்தது. ரோஸ்மில்க்கா என்று நர்ஸிடம் கேட்டேன். சிரித்தது. பயம் வந்தால் எனக்கு வாய் நீளும். இன்று சாயங்காலம் வரை நீண்டுகொண்டே இருந்தது.

ஜூன் 13, செவ்வாய்

வாந்தி.

ஜூன் 15, வியாழன்

திருமேனி வந்தான். பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்ச். இப்போது மார்க்கெட் ரோட்டில் நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறான். போர்டில் பெயருக்கு முன்னால் வைத்தியர் என்று போட்டிருக்கும். அந்தக் கடைத் திறப்பு விழாவில் வைத்தியர் வைத்தியர் என்று மைக்கில் கூவியவன் நான்தான் என்பதால் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

ஒரு பாட்டில் கொடுத்தான். ஆறு மூலிகையைக் காய்ச்சி, வடித்து, சுண்ட வைத்த சாறு. சீந்தில் ஒன்று, நித்தியகல்யாணி ஒன்று. மற்ற நாலையும் சொல்ல மாட்டானாம். வேளைக்கு இரண்டு மூடி, வெந்நீரில் கலந்து காலையும் மாலையும். கீமோ கெட்டதோடு நல்லதையும் சேர்த்து அடிக்கும், இது நல்லதைப் பிடித்து நிறுத்தும் என்றான். பத்தியம் உண்டு. மீனை விடச் சொன்னான், விட்டேன். கத்திரிக்காயை விடச் சொன்னான், சந்தோஷமாக விட்டேன். காப்பியை விடச் சொன்னபோதுதான் எனக்குப் புற்றுநோய் வந்திருப்பது முழுசாக உறைத்தது.

கோமதி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எதற்கும் விடை சரிபார்க்காமல் விடமாட்டாள். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிக்கலாம் என்றாள். ஊசிக்காரரிடம் கேட்டால் கசாயம் வேண்டாம் என்றுதான் சொல்வார், கசாயக்காரரிடம் கேட்டால் ஊசி வேண்டாம் என்பார், நான் இரண்டு பேரையும் கேட்காமல் இரண்டையும் போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவள் விடவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"சாறு கிடையாதுன்னா ஊசியும் கிடையாது. ரெண்டும் சேர்ந்து போனாத்தான் நான் மதுரைக்குப் பஸ் ஏறுவேன். பார்த்துக்க."

சுப்புத்தாய் அடுப்படியில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். என் சம்சாரம் சத்தமாக அழுதால்கூடத் தாங்குவேன். இது தாங்கவில்லை. ஆனாலும் இறங்கி வரவில்லை.

ஜூன் 27, செவ்வாய்

முடி கொட்டிவிட்டது. கண்ணாடியில் பார்த்தால் எங்கப்பா தெரிகிறார். சாறு கசப்பென்றால் அப்படி ஒரு கசப்பு. கருகிய வாடை வேறு. மூக்கைப் பிடித்துக்கொண்டு இறக்குகிறேன். மருந்து என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

ஜூலை 3, திங்கள்

இரண்டாவது தடவை. ரத்தம் எடுத்தார்கள். எனக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தபோது டாக்டரம்மா கோமதியை மட்டும் உள்ளே கூப்பிட்டார். வெகுநேரம் வரவில்லை. வந்தவளிடம் என்ன என்று கேட்டேன். "எல்லாம் சரியா இருக்குப்பா" என்றாள். கணக்கு டீச்சருக்குப் பொய் வராது என்று நிம்மதியாகப் போய்ப் படுத்தேன்.

பக்கத்து நாற்காலியில் லூர்துராஜ் என்று ஒருவர். எட்டயபுரம். தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். அவருக்கு அக்குளில் கட்டி, என்னுடைய வகைதான். என்னைப் போல லொடலொடவென்று பேசுகிற ஆள் இல்லை. அவர் சம்சாரம் மரியபுஷ்பம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருந்தார். நான் பேசினேன், லூர்து அண்ணாச்சி தலையாட்டினார். எனக்கு ஏற்ற ஆள்.

ஜூலை 6, வியாழன்

சாறு பாட்டிலை இனிமேல் தானே கலக்கித் தருவதாகக் கோமதி சொல்லிவிட்டாள். என் விரல் நுனியெல்லாம் மரத்துப்போய் மூடி திறக்க வரவில்லை, அதனால் சரி என்றேன். ஆம்ப்ளிபயர் திருகை முப்பது வருஷம் மயிர் இழை அளவுக்குத் திருப்பிய விரல், இப்போது சட்டைப் பொத்தானிடம் தோற்கிறது.

புது பாட்டில் முந்தினது போல இல்லை. கசக்கிறது, ஆனால் கருகல் வாடை போய் ஏதோ ஒரு நல்ல வாசம். நாக்கு பழகிவிட்டது போல.

ஜூலை 11, செவ்வாய்

குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்பில் ஒரு சுறுசுறுப்பு வருகிறது. இது முதல் பாட்டிலில் இல்லை. சாறு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. சாயங்காலம் எழுந்து பழைய குழாய் ஸ்பீக்கர்களையெல்லாம் துடைத்து வைத்தேன்.

ஜூலை 16, ஞாயிறு

சுப்புத்தாய் சந்தையிலிருந்து பாகற்காயாக வாங்கிவருகிறாள். தட்டில் மட்டும் பாகற்காயைக் காணோம். கேட்டால், வதங்கிப்போச்சு, தூரப் போட்டுட்டேன் என்கிறாள். பையில் காப்பித்தூள் பொட்டலமும் இருந்தது. எனக்காக அவர்கள் இருவரும் காப்பியை விட்டு ஒரு மாதமாகிறது. விருந்தாள் வந்தால் வேண்டாமா என்றாள். மொட்டைத் தலையனைப் பார்க்க யார் விருந்துக்கு வருகிறார்கள்? நல்ல மனுஷி, பாவம்.

ஜூலை 24, திங்கள்

மூன்றாவது. கட்டி நெல்லிக்காய் அளவுக்கு வந்துவிட்டது. ரத்தமும் நன்றாக இருக்கிறதாம். டாக்டரம்மா என் தோளைத் தட்டினார்.

லூர்து அண்ணாச்சிக்குத்தான் முடியவில்லை. வாந்தியில் ஆள் பாதியாகிவிட்டார். போதும், வீட்டில் கிடந்தே போய்ச் சேருகிறேன் என்று சம்சாரத்திடம் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியுமா? சாற்றைப் பற்றி எல்லாம் சொன்னேன். கீமோவை விட வேண்டாம், கூடவே இதையும் குடியுங்கள், என்னைப் பாருங்கள் என்றேன். தம் கட்டிச் சொன்னேன். எதிர் நாற்காலிக்காரர்களும் எழுந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

கோமதி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். அப்பன் பேச்சு அவளுக்குக் கூச்சம். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான்.

ஜூலை 30, ஞாயிறு

திருமேனி ஒரு யோசனையோடு வந்தான். வாட்ஸ்அப்பில் அவனுக்கு மருந்து வாங்குகிறவர்கள் குரூப் இருக்கிறது. நான் நாலு வார்த்தை பேசி அனுப்பினால் சீக்காளிகளுக்குத் தைரியமாக இருக்குமாம். இரண்டு மாதமாகத் தேர்தலும் இல்லை, திருவிழாவும் இல்லை, என் தொண்டையில் ஒட்டடை. உடனே சரி என்றேன்.

கோமதிதான் போனைப் பிடித்தாள். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாவது தடவை வெளியே ஐஸ் வண்டி. மூன்றாவது டேக் கணீரென்று விழுந்தது. "செண்பகராஜ் மைக் செட் செண்பகராஜ் பேசுகிறேன். கீமோவோடு இந்தச் சாற்றையும் குடித்தேன். குடித்த அரை மணி நேரத்தில் உடம்பில் ஒரு தெம்பு. இன்று உங்கள் முன்னால் எழுந்து நிற்கிறேன்." உட்கார்ந்துகொண்டுதான் சொன்னேன். ஆனாலும் நிற்கிற குரல்.

முடிந்ததும், "ரொம்ப நல்லா இருக்குப்பா" என்றாள். கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

ஆகஸ்ட் 14, திங்கள்

நான்காவது. வார்டுக்குள் நுழைந்ததும் ஒருவர் போனைக் காட்டி, இது நீங்கதானே என்றார். இன்னொருவர் தன் மாமியாருக்கு அனுப்பியிருக்கிறாராம். என்னைப் பார்த்து இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். அமைச்சர் வருகிறார் என்று எத்தனையோ மேடையில் கூவியிருக்கிறேன், எனக்காக யாரும் எழுந்ததில்லை.

லூர்து அண்ணாச்சி முதன்முதலாகச் சிரித்தார். பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினார். மார்க்கெட் ரோட்டுக் கடைக்கு நேரிலேயே வந்து வாங்கினாராம். "உங்க குரலைத் தினம் காலையில ஒருக்க போட்டுக் கேட்டுட்டுத்தான் குடிக்கேன்" என்றார். கோமதி தண்ணீர் பிடிக்கிறேன் என்று பாட்டிலை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் பாட்டில் நிறையத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

காய்ச்சல் இல்லை. வாந்தி இல்லை. எழுத ஒன்றுமில்லை, அதுவே சந்தோஷம்.

செப்டம்பர் 4, திங்கள்

ஐந்தாவது. ஊசி குத்தி, சிவப்பு மருந்து ஓடிக்கொண்டிருந்தபோது லூர்து அண்ணாச்சியைச் சக்கர நாற்காலியில் தள்ளி வந்தார்கள். கண் இரண்டும் மஞ்சள். ரத்தத்தில் ஈரல் அளவு எங்கேயோ ஏறிக்கிடக்கிறது, இன்று கீமோ போட முடியாது என்று சொல்லிவிட்டார்களாம். டாக்டரம்மா அங்கேயே வந்து, வேறு ஏதாவது குடித்தாரா என்று கேட்டார். மரியபுஷ்பம் பையிலிருந்து பாட்டிலை எடுத்தார்.

"இதைத் தவிர ஒண்ணும் குடுக்கல டாக்டர். இந்தா, இந்த அண்ணாச்சி குடிச்சுத்தான இப்படித் தெம்பா இருக்காக."

டாக்டரம்மா பாட்டிலை மோந்து பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"இவரா? இவருக்கு ரெண்டாவது தடவையே ஈரல் அளவு கொஞ்சம் ஏறிச்சு. அன்னைக்கே இந்தச் சாறை நிறுத்தியாச்சே." கோமதி பக்கம் திரும்பினார். "அப்பாகிட்ட நீங்க சொல்லலையா?"

கோமதி மறுபடி தண்ணீர் பாட்டிலைத் தேடினாள்.

நான் சிரித்தேன். சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். டாக்டரம்மா குரலைத் தணித்துக்கொண்டு, செடியைத் தான் குறை சொல்லவில்லை என்றார். எங்களுக்கு ஏற்றும் மருந்தில் ஒன்றே நித்தியகல்யாணியிலிருந்து வந்ததுதானாம். அளவு தெரிந்து, ரத்தம் பார்த்து ஏற்றுகிறார்கள். பாட்டிலில் எது எவ்வளவு என்று காய்ச்சியவனுக்கே தெரியாது. "இருக்கிறது ஒரே ஈரல். எனக்குத் தெரியாம இன்னொரு வேலையும் குடுத்தா அது என்ன செய்யும்?" என்றார்.

அண்ணாச்சியை வேறு வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். மரியபுஷ்பம் என்னைப் பார்க்கவில்லை. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போல இருந்தது. கையில் ஊசி. சாயங்காலம் வரை காலி நாற்காலியின் பக்கத்தில் படுத்துக்கிடந்தேன். வாய் நீளவே இல்லை.

செப்டம்பர் 5, செவ்வாய்

பாகற்காய்த் தண்ணியும் காப்பித்தூளும்.

செப்டம்பர் 7, வியாழன்

இன்றுதான் பேசினேன். சுப்புத்தாய்க்கும் தெரியும். பாகற்காயை வேகவைத்து வடித்ததே அவள்தான். காப்பித்தூள் நிறத்துக்காம். என் தெம்பு, என் சுறுசுறுப்பு, ஊரெல்லாம் கேட்ட என் கணீர்க் குரல் எல்லாம் அரை ஸ்பூன் காப்பித்தூள். வேறு யாருக்காவது நடந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

"நிறுத்துங்கன்னு சொல்லியிருந்தா நீங்க அடுத்த கீமோவுக்குப் பஸ் ஏறியிருப்பீங்களாப்பா?" என்று கோமதி கேட்டாள்.

ஏறியிருக்க மாட்டேன். அதனால் வேறொன்றைப் பிடித்துக்கொண்டேன்.

"தண்ணி குடுத்த, சரி. அதுக்கு நான் உன்னைக் கையெடுத்துக் கும்பிடணும். ஆனா போனைப் பிடிச்சு மூணு டேக் எடுத்தியே தாயி. நான் குடிக்கலைன்னு உனக்குத் தெரியும். என்னைப் பேச விட்டியே."

அவள் சொன்னாள். "சீக்கு வந்ததுல இருந்து அன்னைக்குத்தான் நீங்க பழைய மாதிரி பேசினீங்க. நிறுத்த மனசு வரல. அதான் உண்மை."

அது உண்மை என்று எனக்குத் தெரிந்தது. அதுதான் ரொம்ப வலித்தது. இவள் எனக்குப் பெற்ற தாயாக இருந்து செய்திருக்கிறாள், என்னை மைக்கில் நிறுத்திப் பொய்யும் சொல்ல வைத்திருக்கிறாள். எதை எடுத்துக்கொண்டு எதை விடுவது? இரண்டும் ஒரே டம்ளரில் கலந்திருக்கிறது.

செப்டம்பர் 8, வெள்ளி

காலையில் சுப்புத்தாய் வெந்நீர் கொண்டுவந்தாள். நீ முதலில் ஒரு மடக்குக் குடி என்றேன். குடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் தந்ததை நான் மோந்துகூடப் பார்த்ததில்லை.

செப்டம்பர் 9, சனி

திருமேனி கடைக்குப் போனேன். லூர்து அண்ணாச்சி விஷயத்தைச் சொன்னேன். சிலர் உடம்புக்கு ஒத்துக்காது என்றான். பேசி அனுப்பினபோது நான் அதைக் குடிக்கவில்லை, நான் குடித்தது காப்பித்தண்ணி, அந்த வாய்ஸ் மெசேஜைக் குரூப்பிலிருந்து எடு என்றேன். அவன் அதிர்ந்துபோவான் என்று எதிர்பார்த்தேன். அவன் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தான்.

"ஏலே செண்பகம், ஒரு பாட்டில் மூணு வாரம்தான் வரும். ஜூலையில இருந்து உங்க வீட்ல யாரும் வாங்க வரல. எனக்குத் தெரியாதா?"

எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது. வாய்ஸ் மெசேஜ் கேட்டு வந்த அன்றே இவனுக்குத் தெரியும்.

"முத பாட்டில் குடிச்சேல்ல? பொய் ஒண்ணும் இல்லையே. உன் குரலைக் கேட்டு எத்தனை பேரு கீமோவுக்கு ஒழுங்கா போறாக தெரியுமா? அதைக் கெடுக்காத."

ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். என் குரலை மட்டும் உருவி எடுத்துக் கடை வாசலில் தொங்கவிட்டிருக்கிறான், எலுமிச்சம்பழமும் மிளகாயும் போல. எனக்குச் சொல்லத் தெரிந்ததெல்லாம் அவனைப் பற்றி நல்லபடியாகக் கூவுவதுதான், அதைப் பத்து வருஷமாகச் செய்தாயிற்று.

செப்டம்பர் 19, செவ்வாய்

எட்டயபுரம் போனேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மஞ்சள் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. கீமோ தள்ளிப்போனதில் அக்குள் கட்டி மறுபடி தலைகாட்டுகிறதாம், வேறு மருந்து யோசிக்கிறார்கள். இதை அவரே சொன்னார், தீப்பெட்டிக் கணக்குச் சொல்வது போல.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பாகற்காய், காப்பித்தூள், போன், திருமேனி. மரியபுஷ்பம் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டார். உள்ளே போய்க் காப்பி போட்டுக்கொண்டு வந்து வைத்தார். வந்தவனுக்குக் கொடுத்தாக வேண்டுமே. ஒரு மடக்குக் குடித்ததும் நாக்குக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு மாதமாக நான் குடித்த மருந்து. பாகற்காய் மட்டும் குறைவு. மிச்சத்தைக் குடிக்க முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை.

லூர்து அண்ணாச்சி கேட்டார், "அப்ப உங்களுக்கும் தெரியாது, இல்லையா?"

தெரியாது என்றேன்.

"நல்லவேளை. தெரிஞ்சே சொன்னீகளோன்னுதான் எனக்குத் தூக்கம் வரல."

செப்டம்பர் 20, புதன்

கோமதியைக் கூப்பிட்டு, போனைப் பிடி என்றேன். முதல் டேக்கில் குரல் உடைந்தது. அழித்துவிடவா என்று கேட்டாள். வேண்டாம், கணீரென்று சொன்னதெல்லாம் போதும், இது இப்படியே போகட்டும் என்றேன். முதல் பாட்டிலோடு சரி, அதற்கப்புறம் சாற்றை நான் குடிக்கவில்லை, குடித்தது பாகற்காய்த் தண்ணி, எதைக் குடிப்பதானாலும் உங்கள் டாக்டரிடம் பாட்டிலைக் காட்டிவிட்டுக் குடியுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். திருமேனி என்னைக் குரூப்பிலிருந்து நீக்கிவிட்டான். தெரிந்தவர்களுக்கெல்லாம் அனுப்பினோம். நிறையப் பேர் சிரிக்கிற பொம்மை போட்டார்கள்.

செப்டம்பர் 25, திங்கள்

ஆறாவது. கடைசி. கட்டி கைக்குத் தட்டுப்படவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்துச் சொல்வார்களாம். நர்ஸுகள் கைதட்டினார்கள். பக்கத்து நாற்காலியில் புது ஆள் ஒருவர், என்னைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அக்டோபர் 3, செவ்வாய்

இன்று கூப்பிட்டது சாத்தூர்ப் பெண் ஒருத்தி. நேற்றுத்தான் அந்த வாய்ஸ் மெசேஜ் வந்ததாம், பழையது. புதியது அந்தப் பக்கம் போகவே இல்லை. பொய்க்கு நான் கொடுத்த குரல் அவ்வளவு நல்ல குரல். வீட்டுக்காரருக்கு நாளைக்கு முதல் கீமோ, அந்தச் சாறு எங்கே கிடைக்கும் என்று கேட்டாள்.

இப்படித் தினம் ஒன்று வருகிறது. நான் உட்கார்ந்து ஜூன் மாதத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். கட்டி, ஊசி, திருமேனி, நான் பிடித்த பிடிவாதம், பாகற்காய், எட்டயபுரம். ஒன்றையும் விடுவதில்லை. அந்தப் பெண் கடைசி வரை கேட்டுவிட்டு, நம்பிக்கையில்லாமல் கேட்டாள்.

"போன்ல பேசினது உங்க குரல்தானய்யா?"

"குரல் என்னோடதுதாம்மா. குடிச்சவன் நானில்ல."

ஏற்கெனவே ஒரு பாட்டில் வாங்கிவிட்டதாகச் சொன்னாள். கீழே கொட்ட வேண்டாம், நாளைக்குக் கையோடு கொண்டுபோய் டாக்டர் மேஜையில் வை, அவர் கேட்பதற்கு முந்தி நீயே எடுத்து வை என்றேன். சரி என்றாள்.

போனை வைத்தபோது கோமதி டம்ளரோடு நின்றுகொண்டிருந்தாள். நான் எதுவும் கேட்கும் முன்னாலேயே ஒரு மடக்கு தான் குடித்துவிட்டுத்தான் என்னிடம் நீட்டினாள். வேண்டாம், அப்படியே கொடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. வாங்கிக் குடித்தேன். வெந்நீர்தான்.